புரட்டாசியில் மீன் வாடை

"புரட்டாசி மாசமுங்க தம்பி, வீட்டுல கவுச்சியே இல்லை. ஆனா ரெண்டு நாளா மீன் கருகுற வாடை வருதுங்க" என்றார் அந்தப் பாட்டி. பல்லடம் பக்கம், வீட்டை ஒட்டினாற்போல் ஒரு விசைத்தறிக் கூடம். இருபத்தாறு வருஷமாக வயரிங் வேலை பார்க்கிறேன்; அது என்ன வாடை என்று எனக்குத் தெரியும். மின்சாமான்களில் இருக்கும் சில பிளாஸ்டிக்குகள் அளவு மீறிச் சூடானால் அப்படித்தான் நாறும்.

தறிகளை நிறுத்தி, மெயின் சுவிட்சை அணைத்து, மூன்று ஃபியூஸ் கேரியர்களையும் உருவி என் பையில் போட்டுக்கொண்டேன். டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்த பிறகே தறிப் பேனலில் கை வைத்தேன். 35 ஸ்கொயர் எம்.எம். அலுமினியக் கேபிள். நடு ஃபேஸில் கேபிள் முனையை பேனலோடு இணைக்கும் லக் கறுத்திருந்தது. இன்சுலேஷன் சுருங்கி வெடித்திருந்தது.

"இவ்வளவு சூடாகியும் ஃபியூஸ் ஏனுங்க போகலை?" என்றார் பாட்டியின் மகன்.

ஃபியூஸுக்குக் கரண்டின் அளவுதான் தெரியும். இணைப்பின் நிலை தெரியாது. தறிகள் வழக்கம்போல 60 ஆம்பியர்தான் எடுக்கின்றன. இணைப்பில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தால் போதும், அந்த இடத்தில் 36 வாட் வெப்பம் உண்டாகும். ஒரு சால்டரிங் அயர்னைப் பேனலுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனதற்குச் சமம்.

அலுமினியத்தைக் குறை சொல்ல மாட்டேன். செம்பைவிட மலிவு. அதே கரண்டைக் கொண்டுபோக இது தடிமனாக வேண்டும்தான், ஆனாலும் எடை ஏறக்குறைய பாதி. தெருவில் ஓடும் மின்கம்பிகளே பெரும்பாலும் அலுமினியம்தான். அதன் வம்பெல்லாம் முனையில்தான். சுரண்டிய நொடியே காற்று பட்டு, கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு தோல் படியும்; அதில் மின்சாரம் பாயாது. சூட்டில் செம்பைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக விரியும். அழுத்தத்தில் வைத்தால் நாள்பட மெல்லப் பிதுங்கி விலகும். செம்போடு நேராகச் சேர்ந்து ஈரமும் பட்டால் அரிக்கும்.

இங்கே முன்பு வேலை செய்தவர் செம்பு லக்கைப் போட்டுச் சுத்தியலால் தட்டி, போல்ட்டை மூச்சுப் பிடித்து முறுக்கியிருந்தார். லூஸ் கான்டாக்டுக்குப் பயந்து செய்ததுதான். ஆனால் அளவு மீறி இறுக்கினால் அலுமினியம் நசுங்கும், பிடி தளரும்.

கருகிய பகுதியை வெட்டி எறிந்தேன். கத்தி இழைகளில் படாமல், லக்கின் குழல் நீளத்துக்கு மட்டும் இன்சுலேஷனை உரித்தேன். கம்பி பிரஷால் தேய்த்த கையோடு ஜாயின்டிங் காம்பவுண்ட் பூசினேன். ஆக்சைடு மறுபடி படிய விடக் கூடாது. பேனலில் செம்பு பஸ்பார் என்பதால், குழல் அலுமினியமும் முகம் செம்புமாக ஒட்டவைத்த பைமெட்டாலிக் லக். கேபிள் அளவுக்கேற்ற டை போட்டு, குழலை அழுத்திக் கிரிம்பிங். கடைசியாக, லக் கம்பெனி குறித்த அளவுக்கு டார்க் ரெஞ்சில் முறுக்கு. மூன்று ஃபேஸுக்கும் இதே வேலைதான்.

பழைய லக்கை ஹேக்ஸா பிளேடால் நெடுக்காக அறுத்து மகனிடம் காட்டினேன். உள்ளே இழைகள் தனித்தனியாக, நடுவே சந்தும் கரியுமாகக் கிடந்தன. அப்படியே, நல்ல கிரிம்ப் ஒன்றை அறுத்து என் பையில் வைத்திருக்கிறேன். அதில் இழை எது, குழல் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டையும் தடவிப் பார்த்தவர் சொன்னார்: "மத்த பேனலையும் பார்த்துருங்க."

பாட்டி அதற்குள் காபியோடு வந்துவிட்டார்.