யாரும் காப்பாற்ற வராதவர்கள்

1990 ஒக்டோபர் 10ஆம் திகதி வோஷிங்டனில், அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர்களின் மனித உரிமைக் குழு ஒன்றின் முன்னால் 15 வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி அழுதபடி சாட்சி சொன்னாள். நயிரா என்ற பெயர் மட்டும் அறிவிக்கப்பட்டது. குவைத் ஆஸ்பத்திரிக்குள் புகுந்த ஈராக் படையினர், குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டர்களிலிருந்து எடுத்துக் குளிர்ந்த தரையில் சாகப் போட்டார்கள் என்றாள். உலகத் தொலைக்காட்சிகள் அதைத் திரும்பத் திரும்பக் காட்டின. ஜனாதிபதி புஷ் மேடைக்கு மேடை அந்தக் குழந்தைகளைப் பற்றிப் பேசினார். 1991 ஜனவரியில் செனட் 52க்கு 47 என்ற வாக்குகளில் போருக்கு அனுமதி கொடுத்தது. அதற்கு ஓராண்டு கழித்துத்தான் உண்மை வெளியே வந்தது. அவள் அமெரிக்காவுக்கான குவைத் தூதரின் மகள். அந்தச் சாட்சியத்தின் பின்னால் நின்றது ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள்தொடர்பு நிறுவனம். இன்குபேட்டர் கதைக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை.

அதே ஒக்டோபரின் பிற்பாதியில் இலங்கையின் வடக்கில் நடந்ததற்குச் சாட்சி சொல்ல யாரையும் பயிற்றுவிக்க வேண்டியிருக்கவில்லை. விடுதலைப் புலிகள் வட மாகாணத்து முஸ்லிம்களை, ஏறத்தாழ 75,000 பேரை, அவர்களுடைய ஊர்களிலிருந்து துரத்தினார்கள். ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வீட்டுத் திறப்பு, நகை, உறுதிப்பத்திரம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, உடுத்த துணியோடும் சில நூறு ரூபாவோடும் புறப்பட்டார்கள். மன்னார்த் தீவிலிருந்து வந்தவர்கள் வள்ளங்களில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். மற்றவர்கள் வவுனியா வரை நடந்தும் லொறிகளில் தொற்றியும் வந்தார்கள். பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது புத்தளம் மாவட்டம்: பாலாவி, தில்லையடி, ஆலங்குடா, நுரைச்சோலை, கற்பிட்டி.

கொழும்பு வீதியிலிருந்து கற்பிட்டிக்குத் திரும்பும் சந்தி பாலாவி. ஒரு பக்கம் உப்பளம், இன்னொரு பக்கம் சீமெந்துத் தொழிற்சாலை, சுற்றிவரத் தென்னந்தோட்டங்கள். புத்தளத்து மக்கள் பள்ளிவாசல்களையும் பள்ளிக்கூடங்களையும் திறந்துவிட்டார்கள். தங்கள் அடுப்பில் உலை வைத்து வந்தவர்களுக்குச் சோறு போட்டார்கள். பிறகு தென்னைகளுக்கு இடையே கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. வடக்கில் கடை வைத்திருந்தவர்களின் வீட்டுப் பெண்கள் கற்பிட்டி வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குப் போனார்கள். சில மாதம் என்று நினைத்து வந்தவர்கள் அங்கேயே பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளுக்கும் கலியாணம் செய்து வைத்தார்கள். தண்ணீர், பள்ளிக்கூட இடம், கூலிவேலை என்று உள்ளூராரோடு உரசல்களும் வளர்ந்தன.

இவர்களுக்காக எந்தப் படையும் வரவில்லை. வட மாகாணத்தில் முகாமிட்டிருந்த அரச படையும் வரவில்லை. உலகத்தின் கெமராக்கள் அப்போது வளைகுடாவில் நின்றன. பொய்ச் சாட்சியம் ஒன்று ஒரு பெரும்போருக்கு வழிவிட்ட அதே மாதத்தில், 75,000 பேருடைய மெய்ச்சாட்சியம் கற்பிட்டிக் கரையைத் தாண்டவில்லை.

மனிதாபிமானத்தின் பெயரால் ஒரு படை எல்லை தாண்டுவது சரியா என்ற கேள்வியை உலகம் பல மேடைகளில் விவாதித்திருக்கிறது. கடைசி வழியாக மட்டும் ஆயுதம், நேர்மையான நோக்கம், அளவான பலம், சட்டபூர்வமான அனுமதி என்று நிபந்தனைகள் எழுதப்பட்டன. 2005இல் ஐ.நா. உச்சிமாநாடு, மக்களைப் பாதுகாக்கும் பொறுப்பு என்ற கோட்பாட்டை ஏற்றது. அதை முன்னின்று வளர்த்தவர்களில் ஒருவரான கரெத் எவன்ஸ், 2007 ஜூலை 29 அன்று கொழும்புக்கு வந்து நீலன் திருச்செல்வம் நினைவுப் பேருரையில் அதைப் பற்றியே பேசினார். இந்த நிபந்தனைகளில் ஒன்று விடுபட்டிருக்கிறது என்பது என் எண்ணம். காப்பாற்ற வருகிற படை, தன்னைப் பார்த்து எழுதுகிறவனை என்ன செய்கிறது? இலங்கைத் தமிழருக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல.

1987 ஜூன் 4ஆம் திகதி யாழ்ப்பாண வானத்தில் இந்திய விமானங்கள் தோன்றியதை நேரில் கண்டவர்கள் இன்றும் உயிரோடு இருக்கிறார்கள். வடமராட்சியில் இலங்கை இராணுவம் பெரும் தாக்குதல் நடத்தி, பொருளாதாரத் தடையும் இறுகியிருந்த நேரம். முதல் நாள் நிவாரணப் பொருட்களோடு வந்த படகுகளை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியிருந்தது. அடுத்த நாள் பெங்களூரிலிருந்து ஐந்து அன்டனோவ் விமானங்கள் புறப்பட்டன, காவலுக்கு மிராஜ் போர் விமானங்கள். 'பூமாலை நடவடிக்கை' என்று பெயர். போட்டது ஏறத்தாழ 25 தொன். குடாநாட்டில் அப்போது 7 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். பங்கு போட்டால் ஆளுக்கு 40 கிராம்கூட வராது. அந்த விமானங்களில் பத்திரிகையாளர்களையும் ஏற்றிவந்தார்கள். மக்கள் கைதட்டியதில் பிழை இல்லை. முற்றுகைக்குள் கிடந்தவனுக்கு வானத்திலிருந்து விழும் ஒரு பொட்டலம் பெரிய ஆறுதல். ஆனால் டெல்லி அன்று அனுப்பிய செய்தி கொழும்புக்கானது. அரிசி அதற்குத் துணையாகப் போனது.

நான்கு மாதங்களில் நிலைமை தலைகீழானது. ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தோடு அமைதி காக்க வந்த இந்தியப் படை, ஒக்டோபர் 10ஆம் திகதி புலிகளோடு போரைத் தொடங்கியது. அன்று அது செய்த முதல் காரியங்களில் ஒன்று, யாழ்ப்பாணத்தில் ஈழமுரசு, முரசொலி பத்திரிகைகளின் அச்சகங்களைக் குண்டு வைத்துத் தகர்த்தது. ஜூனில் விமானத்தில் இடம் பெற்ற பத்திரிகையாளருக்கு ஒக்டோபரில் இடமில்லை. ஒக்டோபர் 21, தீபாவளி நாளன்று யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் படையினர் புகுந்து நோயாளரையும் வைத்தியரையும் தாதியரையும் சுட்டபோது, அந்தச் செய்தியை அடுத்த நாள் அச்சடிக்க அந்த இரண்டு பத்திரிகைகளும் இல்லை. பிற்காலத்தில் 'முறிந்த பனை' நூலை எழுதியவர்கள் தேடித் தேடிப் பதிவு செய்ததால்தான் அந்த நாட்கள் விரிவாக நமக்குத் தெரிகின்றன. அவர்களில் ஒருவரான ராஜினி திராணகம 1989 செப்டெம்பர் 21 அன்று யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தியப் படையின் குற்றங்களையும் புலிகளின் குற்றங்களையும் ஒரே நூலில் எழுதிய கை அது.

யூகோஸ்லாவியாவிலும் இதே பாதைதான். கொசோவோ மக்களைக் காக்கவென்று 1999இல் குண்டு வீசிய நேட்டோ, ஏப்ரல் 23ஆம் திகதி பெல்கிரேட்டில் சேர்பியத் தொலைக்காட்சி நிலையத்தைத் தாக்கியது. ஊழியர் 16 பேர் இறந்தார்கள். பிரசார நிலையம் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. 2007 நவம்பர் 27 அன்று இலங்கை விமானப்படை கிளிநொச்சியில் புலிகளின் குரல் வானொலி நிலையத்தைக் குண்டுவீசித் தகர்த்து ஊழியரைக் கொன்றபோதும் காரணம் அதுதான். அந்த வானொலி பிரசாரம் செய்யவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் பிரசாரம் செய்கிறவனைக் கொல்லலாம் என்றால், உலகத்தில் எந்த அரசின் செய்தி வாசிப்பாளருக்கும் உயிர்ப் பாதுகாப்பு கிடையாது.

2009இல் மனிதாபிமானம் என்ற பெயரை இலங்கை அரசே எடுத்துக்கொண்டது. வன்னிப் போருக்கு 'மனிதாபிமான நடவடிக்கை' என்றே பெயரிட்டார்கள். பணயக் கைதிகளை மீட்கும் உலகின் மிகப் பெரிய நடவடிக்கை, பொதுமக்கள் ஒருவருக்கும் சேதமில்லை என்றார்கள். அதற்கு முன்பே, 2008 செப்டெம்பரில், அரசின் உத்தரவுப்படி ஐ.நா.வின் வெளிநாட்டுப் பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டுப் போனார்கள். 'போகாதேயுங்கோ' என்று மக்கள் அலுவலக வாசலில் நின்று கெஞ்சினார்கள். சுயாதீனப் பத்திரிகையாளர் யாரும் உள்ளே விடப்படவில்லை. 2009 ஜனவரி 8 அன்று பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க கொழும்புப் பக்கத்திலேயே கொல்லப்பட்டார். வன்னியில் சுமார் 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்று அரசு சொன்னது. கடைசியில் வெளியே வந்து முகாம்களில் அடைபட்டவர்கள் ஏறத்தாழ 2 லட்சத்து 90 ஆயிரம் பேர். எண்ணிக்கையைக் குறைத்துச் சொன்னால் அனுப்ப வேண்டிய அரிசியும் மருந்தும் குறையும். பிரசாரம் பட்டினியாக மாறுகிற வழி இது.

ஏப்ரல் 27 அன்று அப்போதைய தமிழ்நாட்டு முதலமைச்சர் கருணாநிதி சென்னை மெரினாவில் உண்ணாவிரதம் இருந்தார். கனரக ஆயுதம் இனிப் பயன்படுத்தப்படாது என்று கொழும்பு அன்றே அறிவித்தது. போர் நின்றுவிட்டதாகத் தமிழ்நாட்டுக்குச் செய்தி போனது. ஷெல் வீச்சு நிற்கவில்லை என்பதை 2011இல் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு எழுதியது. 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றும் அக்குழு சொன்னது. அதற்கு முன்பே, 2009 மே 27 அன்று, ஐ.நா. மனித உரிமைப் பேரவை 29க்கு 12 என்ற வாக்கில் இலங்கையைப் பாராட்டும் தீர்மானத்தை நிறைவேற்றிவிட்டது. வன்னிக்குள் கடைசிவரை நின்ற வைத்தியர்களைத் தடுப்புக்காவலில் வைத்து, ஜூலையில் ஊடகங்களின் முன் கொண்டுவந்து, முன்பு சொன்ன எண்ணிக்கை பொய் என்று அவர்கள் வாயாலேயே சொல்லவைத்தார்கள்.

நம் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தப்பி ஓடிய மக்களைப் புலிகள் சுட்டதையும், பிள்ளைகளைப் பிடித்துப் போருக்கு அனுப்பியதையும் அதே நிபுணர் குழு எழுதியிருக்கிறது. அந்த நாட்களில் புலம்பெயர் தமிழ்த் தொலைக்காட்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது தெரியவரவில்லை. ஷெல்லைக் காட்டினார்கள், அது உண்மை. தடுத்த துப்பாக்கியைக் காட்டவில்லை. காட்டினால் மேற்குலகம் காப்பாற்ற வராது என்று கணக்குப் போட்டார்கள். மறைத்தும் யாரும் வரவில்லை. இன்று மெய்யாகவே ஷெல் விழுந்து பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பேசும்போது, எதிர்த்தரப்பு அந்த மறைப்பைக் காட்டித்தான் அவள் வாயை அடைக்கிறது.

போர் முடிந்த பிறகு வடக்குக்கு நிவாரணம் வந்தது. 2008 ஏப்ரலுக்குப் பின் இடம்பெயர்ந்தவர்கள் 'புதியவர்கள்', அதற்கு முன்னையவர்கள் 'பழையவர்கள்' என்று பிரித்தார்கள். பாலாவியில் இருந்தவர்கள் பழையவர்கள். உதவியில் அவர்களுடைய முறை பின்னால் போனது. பலர் தங்கள் பாட்டிலேயே மன்னாருக்கும் முசலிக்கும் திரும்பிப் பார்த்தபோது, காணிகளில் காடு வளர்ந்திருந்தது.

2015இல்தான் தென்னிலங்கைத் தொலைக்காட்சிக் கெமராக்கள் திரும்பிவந்த இவர்களைத் தேடி முசலியின் மரிச்சுக்கட்டிக்கு வந்தன, வில்பத்துக் காட்டை அழிப்பவர்கள் என்று காட்டுவதற்கு. காடு வெட்டப்பட்டதில் சட்டப் பிழை இருந்தது, 2020இல் நீதிமன்றமும் அப்படியே தீர்ப்புச் சொன்னது. ஆனால் 25 வருடத்துக்கு முன்னால் இவர்களை யார் துரத்தியது, இத்தனை காலம் எந்தக் கொட்டிலில் இருந்தார்கள் என்பதற்கு அந்த நிகழ்ச்சிகளில் இடம் கிடைக்கவில்லை.

1990 வெளியேற்றம் பற்றி 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் புலிகளின் அரசியல் ஆலோசகர் அன்ரன் பாலசிங்கம் வருத்தம் தெரிவித்தார். 2011இல் சட்ட, சமூக நம்பிக்கை நிதியத்தின் முயற்சியில் அமைந்த பிரஜைகள் ஆணைக்குழு, பாதிக்கப்பட்டோரின் சாட்சியங்களைத் திரட்டி அறிக்கை வெளியிட்டது. அதற்குப் பிறகும் நம் பத்திரிகைகளில் இந்த விடயம் ஒக்டோபர் மாத நினைவுக் கட்டுரையாகவே வந்துபோகிறது.

அடுத்த முறை எந்த நாட்டின் மக்களையாவது காப்பாற்ற ஒரு படை புறப்படுகிறது என்று செய்தி வந்தால், அதற்கு ஆதரவாகவோ எதிராகவோ கொடி பிடிக்கும் முன், அங்கே சுதந்திரமான பத்திரிகையாளர் போக முடிகிறதா என்று முதலில் கேளுங்கள். தமிழ்ப் பத்திரிகை ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோளும் உண்டு. 1990இல் பிள்ளையைத் தோளில் சுமந்து வந்தவர்கள் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். உங்கள் நிருபர்களைப் பாலாவிக்கும் தில்லையடிக்கும் ஆலங்குடாவுக்கும் அனுப்புங்கள். அவர்கள் பேசி முடிக்கும்வரை இருந்து கேட்டு, முழுவதையும் அச்சிடுங்கள்.