வட்டத்தை அளக்க விட்டமா, ஆரமா?

வட்டத்தின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் ஏறத்தாழ 3.14159 கிடைக்கும். இவ்வெண்ணிற்குப் 'பை' என்னும் கிரேக்க எழுத்தை 1706இல் வில்லியம் ஜோன்ஸ் வழங்கினார். ஆய்லரின் நூல்கள் அதனை நிலைபெறச் செய்தன. ஆயினும் வட்டம் வரைவோர் கவராயத்தை விரிப்பது ஆரத்தின் அளவிற்கே அன்றோ? எனவே சுற்றளவை ஆரத்தால் வகுப்பதே இயல்பான முறையாகும்.

இம்முறையைச் சமர்கந்தின் வானியல் அறிஞர் ஜம்ஷீத் அல்காஷி ஹிஜ்ரி 827இலேயே (கி.பி. 1424) கையாண்டார். 80,53,06,368 பக்கங்கள் கொண்ட பல்கோணத்தின் துணையால், சுற்றளவு ஆரத்தைப் போல் 6.2831853071795865 மடங்கு எனக் கண்டார். இந்தப் பதினாறு தசம இடத் துல்லியத்தை 1596 வரை எவரும் விஞ்சவில்லை.

இவ்வெண்ணிற்கு 'டௌ' என்னும் எழுத்தை வழங்கலாம் என மைக்கேல் ஹார்ட்டில் 2010இல் முன்மொழிந்தார். அதன்படி முழுச்சுற்று ஒரு டௌ. கால்சுற்று கால் டௌ. பையைக் கொண்டு அளந்தால் கால்சுற்று அரைப் பை ஆகிறது. கோணவியலில் மாணவர் இடறுவது இவ்விடத்தில்தான்.

பரப்பளவு வாய்பாட்டில் டௌவுடன் 'அரை' சேர்கிறதே எனச் சிலர் மறுப்பர். வட்டத்தின் பரப்பு, சுற்றளவை அடியாகவும் ஆரத்தை உயரமாகவும் உடைய முக்கோணத்தின் பரப்பே. ஆதலின் அவ்வரை பொருளுடையதே.

பாடநூல்களில் பையே ஆட்சி செய்கிறது. தேர்விலும் அதனையே எழுதுக. ஆனால் எண்ணின் உண்மை வேறு, அதற்கு மனிதர் தேர்ந்த குறியீடு வேறு. முன்னதை ஏற்போம், பின்னதை ஏனென்று வினவுவோம். அவ்வினாவே கல்வியின் வாயில்.