பெயர் ஒன்று, ஆட்கள் பலர்

சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் மாளிகைக்குத் தில்லையாடி வள்ளியம்மையின் பெயர் சூட்டப்பட்டிருப்பதை நெசவாளர் சங்கங்களின் அங்கத்தினர் பலரும் அறிவர். ஆனால் அவ்வம்மையார் தில்லையாடியில் பிறந்தவர் அல்லர். 1898-இல் தென்னாப்பிரிக்காவின் ஜொஹானஸ்பர்க் நகரில் பிறந்து, சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, அங்கே கண்ட காய்ச்சலால் 1914 பிப்ரவரி 22-ஆம் நாள் உயிர் நீத்தவர். நாம் அவரைக் குடும்பத்துப் பூர்வீக ஊரைக் கொண்டு அழைக்கிறோம். காந்தியடிகளோ தம் நூலில், தந்தையார் முனுசாமி முதலியாரின் பெயரைச் சேர்த்தே குறித்திருக்கிறார். அந்நாட்டுப் பழைய ஏடுகளில் அவரைத் தேடுவோருக்குத் 'தில்லையாடி' என்ற சொல் பயன்படாது. 'முதலியார்' என்று தேடினாலோ அப்பட்டமுடையோர் அத்தனை பேரும் வந்து நிற்பர்.

புகழ் பெற்றவருக்கே இந்நிலை என்றால், கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாய்ச் சென்றோரின் கதி என்ன? 1860 நவம்பர் 16-இல் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து முதற்கூட்டத்தாரை டர்பன் துறையில் இறக்கிற்று. 1911 வரை சென்னை, கல்கத்தா துறைமுகங்களின் வழியே நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தத் தொழிலாளர் 1,52,184 பேர். இவர்களுள் பெரும்பான்மையோர் சென்னையில் கப்பலேறியவர்கள். நம்மவருக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் ஏது? அங்கேயோ அது வேண்டியிருந்தது. ஆகவே சிலருக்கு நாயுடு, பிள்ளை, ரெட்டி என்ற பட்டங்களே குடும்பப் பெயராயின. முதலியார் 'மூட்லி' ஆயிற்று; கவுண்டர் 'கோவேந்தர்' ஆயிற்று என்பர். வேறு சிலருக்குத் தகப்பனார் பெயரே, முனுசாமி என்றும் பெருமாள் என்றும், வழிவழியாக நிலைத்துவிட்டது. அண்ணன் மக்களுக்கு ஒரு பெயர், தம்பி மக்களுக்கு வேறொரு பெயர் என்று ஆன குடும்பங்களும் உண்டு. எனவே பெயர் ஒன்றாயிருப்பதால் உறவென்றும், வேறாயிருப்பதால் அன்னியரென்றும் முடிவு கட்டலாகாது.

இன்று பேரர்களும் கொள்ளுப்பேரர்களும் முன்னோரைத் தேடுகின்றனர். அவர்களுக்குக் கைகொடுப்பது கப்பல் பதிவேடு. பெயர், தகப்பனார் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம் என்ற கலங்களோடு ஒவ்வொருவருக்கும் ஓர் எண்ணும் அதில் உண்டு. எஜமானர் மாறினாலும், பெயரின் எழுத்து எப்படித் திரிந்தாலும், அந்த எண் மாறாது. ராமசாமி என்ற பெயர் அப்பதிவேட்டில் எத்தனையோ முறை வரும்; எண் ஒருவருக்கே உரியது.

ஆனால் அந்த எண் வீட்டாருக்குத் தெரிந்திருக்க வேண்டுமே! தெரியாதவர்கள் அண்மையில் நிகழ்ந்த மரணத்திலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்வதே முறை. தென்னாப்பிரிக்காவில் ஒருவர் இறந்தால், உறவினர் ஒருவர் இறப்பு அறிவிப்புப் படிவம் ஒன்றை நிரப்பித் தரும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. பிறந்த இடம், பெற்றோர், வாழ்க்கைத் துணை, மக்கள், விட்டுச் சென்ற உடைமை ஆகியவை அதில் இடம்பெறும். பத்திரிகைகளின் மரணச் செய்திகளைவிட ஏழைக் குடும்பங்களுக்கு இதுவே உதவி. 1903-இல் தோன்றிய 'இந்தியன் ஒப்பீனியன்' போன்ற ஏடுகள், தோட்டத்தில் மாண்ட ஒவ்வொரு கூலியாளுக்கும் இரங்கலுரை எழுதிக்கொண்டிருக்க இயலுமா? படிவத்திலும் குறை உண்டு: நிரப்பியவருக்குப் பாட்டனாரின் ஊர் தெரிந்திருந்தால்தான் ஊர் வரும், தெரியாவிடில் அவ்விடம் வெறுமையே.

இதனைப் படிக்கையில் நம் சங்கங்களின் அங்கத்தினர் பதிவேடு நினைவுக்கு வராமற் போகாது. ஒரே தெருவில் இரண்டு கே. முருகேசன்கள் இருப்பர், ஒருவர் கந்தசாமியின் மகன், மற்றவர் குப்புசாமியின் மகன். முதலெழுத்து மட்டும் எழுதிய பக்கத்தைக் கொண்டு, இறந்தவர் இன்னார் என்று காட்ட முடியாது. இறப்புச் சான்றில் ஒரு பெயர், பங்குச் சான்றில் வேறொரு பெயர் என்றிருந்தால், கணவரின் பங்குத் தொகையைப் பெற விதவை அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்க வேண்டும்.

அடுத்த முறை சங்கத்துக்குச் செல்லும்போது, அங்கத்தினர்கள் தம் பக்கத்தைக் காட்டச் சொல்லிப் பார்க்கலாம். தகப்பனார் பெயர் முழுமையாக உள்ளதா? அங்கத்தினர் எண், ஊர், தெரு சரியா? வாரிசாக நியமித்தவர் பெயர் ஆதார் அட்டையில் உள்ளபடியே எழுதப்பட்டிருக்கிறதா? பல்லாண்டுகளுக்கு முன் நியமனம் செய்தவர்கள், அந்த நபர் இன்னும் உயிரோடிருக்கிறாரா என்பதையும் நினைத்துப் பார்த்து, தேவையாயின் அன்றே புதிய படிவம் கொடுத்துவிட்டு வரலாம்.