நிறமற்ற குருதி

நான் கல்லூரியிற் பயின்ற நாளில், விலங்கியல் வகுப்பில் கரப்பான்பூச்சியை அறுக்கும்போது, "ஐயா, இதற்கு இரத்தமே இல்லையே!" என்று வியந்தேன். ஆசிரியர் புன்முறுவலுடன், வெட்டுண்ட காலின் நுனியில் துளிர்த்திருந்த ஒரு சொட்டு நீரைச் சுட்டி, "அதுதானப்பா இரத்தம்" என்றார். சற்று நேரங்கழித்துப் பார்த்தேன், அத்துளி கறுத்துப்போயிருந்தது. அழுக்கு என்று எண்ணித் துடைத்தெறிந்தேன். எத்துணைப் பெரிய செய்தியைத் துடைத்தெறிந்தேன் என்பது பின்னரே விளங்கிற்று.

நம் குருதி சிவந்திருப்பது, உயிர்வளியைச் சுமக்கும் சிவப்பணுக்களால். பூச்சிகளுக்கோ, உடலெங்கும் கிளைத்தோடும் மூச்சுக்குழாய்களே காற்றை உறுப்புகளுக்கு நேரே கொண்டு சேர்க்கின்றன. ஆதலின் அவற்றின் குருதியில் சிவப்பணுக்கள் இல்லை. ஆனால், நம் வெள்ளணுக்களை ஒத்த காவலணுக்கள் உண்டு.

வாழைப்பழத்தை மொய்க்கும் சிற்றீயை எடுத்துக்கொள்வோம். அதன் புழுப்பருவத்தில் இவ்வணுக்களிற் பெரும்பாலானவை கிருமிகளை விழுங்குபவை. வேறு சில, காயம் பட்டவுடன் வெடித்து, அவ்விடத்தைக் கறுக்கச் செய்யும் நொதியை வெளியிடுகின்றன. அன்று நான் கண்ட கறுப்பும் இத்தகைய நொதியின் வேலையே. மூன்றாம் வகை, நலமாக வாழும் புழுவிடம் காண்பதற்கே அரிது. சிறு குளவியொன்று வந்து புழுவின் உடலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. முட்டை பொரிந்தால், வெளிப்படும் இளங்குளவி புழுவை உள்ளிருந்தே தின்றுவிடும். அப்பொழுதுதான் தட்டையான பேரணுக்கள் திரளாகத் தோன்றி, முட்டையை அடுக்கடுக்காகப் போர்த்தி மூடுகின்றன. உறை கறுத்து இறுகிவிட, முட்டை உள்ளேயே மாள்கிறது. குளவியும் சளைத்ததன்று; சில இனங்கள் முட்டையோடு நஞ்சையும் செலுத்தி அவ்வணுக்களையே அழித்துவிடுகின்றன!

அணுக்களேயன்றிக் கிருமிக்கொல்லிப் பொருள்களும் பூச்சியின் குருதியில் உண்டு. சுவீடன் நாட்டு ஹான்ஸ் போமன் குழுவினர், அந்துப்பூச்சி இனமொன்றின் கூட்டுப்புழுவில் கிருமிகளை ஊசிமூலம் ஏற்றி, அதன் குருதியிலிருந்து 'செக்ரோபின்' என்னும் அத்தகைய பொருளைப் பிரித்து, 1981-இல் அமைப்பை வெளியிட்டனர்.

இவற்றைச் சுரக்குமாறு ஆணையிடுவது யாது? பிரான்சு நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில், ஜூல் ஹாஃப்மனின் ஆய்வுக்கூடம் 1996-இல் இதற்கு விடை கண்டது. 'டோல்' என்றொரு மரபணு உண்டு. ஜெர்மன் மொழியில் அது 'அடடா!' என்பது போன்ற வியப்புச் சொல். முட்டைக்குள் ஈயின் முதுகு எது, வயிறு எது என்று வகுப்பதே அதன் தொழில் என முன்னர் அறிந்திருந்தனர். அம்மரபணு பழுதுற்ற ஈக்களோ, பூஞ்சை நோய்க்கு ஈடுகொடுக்க இயலாமல் மடிந்தன. அடுத்த ஈராண்டுகளுக்குள், அதன் உறவினப் பொருள்கள் மனிதரிடம் இருப்பதும், எலிகளில் கிருமியின் நச்சை உணர்வதும் தெரியவந்தன. அவை எழுப்பும் எச்சரிக்கை குறைந்தால் கிருமி வெல்லும். அளவு மீறினால், அந்தக் கொந்தளிப்பே நோயாளியின் உயிரைக் குடிக்கும். இவ்வாய்வுகளுக்காக ஹாஃப்மனும், எலிகளை ஆராய்ந்த அமெரிக்கரான புரூஸ் பாய்ட்லரும் 2011-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

தேனடையை அரிக்கும் மெழுகுப்பூச்சியின் புழு, நம் உடற்சூடாகிய 37 பாகை வெப்பத்தைத் தாங்கவல்லது. ஆகவே, மனிதரைத் தாக்கும் கிருமிகளை அதனுட் செலுத்தி, புதிய மருந்துகளை முதலில் அதனிடம் சோதிக்கும் வழக்கம் பரவியுள்ளது. எத்தனையோ எலிகள் இதனால் தப்புகின்றன. எனக்கு இது ஆறுதல் தரும் செய்தியே. ஆயினும், பூச்சிகள் நம்மைப்போல் எதிர்ப்பொருள்களை ஆக்குவதில்லை. எதிர்ப்பொருளை விளைவிக்கும் தடுப்பூசியின் திறனை அறியப் புழு உதவாது; அதற்கு எலியிடமே மீண்டும் போகவேண்டியிருக்கிறது.