கடைக் கம்ப்யூட்டரில் வேவு பார்க்கும் புரோகிராம்கள்

அம்பத்தூர் ஓ.டி. தொடங்கி ஆவடி மார்க்கெட், திருமுல்லைவாயல், பூந்தமல்லி டிரங்க் ரோடு வரை நம் பகுதியில் கல்லாவுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் இல்லாத மளிகைக் கடையைப் பார்ப்பது இன்று அரிதாகிவிட்டது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபிறகு பில், ஸ்டாக், பார்ட்டி கணக்கு எல்லாமே அந்தப் பெட்டிக்குள் போய்விட்டன. மொத்த வியாபாரத்தில் இருக்கும் எங்களுக்கோ இ-வே பில் எடுக்காமல் லாரி நகராது.

இப்படி எல்லாவற்றையும் ஒப்படைத்த பெட்டியைப் பற்றி, வசூலுக்குப் போகும் கடைகளில் எல்லாம் கொஞ்ச காலமாக ஒரே புகாரைக் கேட்கிறேன். "அண்ணாச்சி, பில் போட்டுக்கிட்டு இருக்கும்போதே மூலையில ரம்மி விளம்பரம் வருது. மூடினா இன்னொண்ணு வருது" என்கிறார் ஒருவர். "கூகுள் போனா வேற எதுவோ திறக்குது" என்கிறார் அடுத்தவர். "விளம்பரம்தானே, வந்துட்டுப் போகட்டும்" என்று விட்டுவிடுகிறவர்களே அதிகம். அப்படி விடக்கூடாது என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன.

இந்தப் புரோகிராம்களில் இரண்டு வகை உண்டு. விளம்பரம் காட்டிப் பிழைப்பது ஆட்வேர். நாம் தட்டும் எழுத்துக்களையும், பார்க்கும் திரையையும், பாஸ்வேர்டுகளையும் சத்தமில்லாமல் எடுத்து வேறு எங்கோ அனுப்புவது ஸ்பைவேர். முதலாவது நம்மைத் தொந்தரவு செய்யும், அதனால் கண்ணில் படும். இரண்டாவது தொந்தரவே செய்யாது. இரண்டுக்கும் நடுவில் தெளிவான எல்லை கிடையாது.

இதற்கு நல்ல உதாரணம் 2017இல் வெளிவந்த ஃபயர்பால் விவகாரம். செக் பாயிண்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் அந்த ஆண்டு ஜூன் மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டது. பெய்ஜிங்கைச் சேர்ந்த ராஃபோடெக் என்ற விளம்பரக் கம்பெனி, இலவச மென்பொருள்களோடு ஃபயர்பாலையும் சேர்த்து இறக்கியிருந்தது. உலகம் முழுவதும் 25 கோடி கம்ப்யூட்டர்களில் அது புகுந்திருக்கும் என்றும், அதில் முதலிடம் இந்தியாவுக்கு, சுமார் 2.53 கோடி என்றும் செக் பாயிண்ட் கணக்குச் சொன்னது. மைக்ரோசாப்ட் இந்தக் கணக்கு மிகையானது என்று மறுத்தது. எண்ணிக்கையில் தகராறு இருக்கலாம், செய்த வேலையில் தகராறு இல்லை.

அது செய்தது ஒரு வகைக் கமிஷன் வியாபாரம். பிரவுசரைத் திறந்தால் வரும் முதல் பக்கத்தையும், தேடும் பக்கத்தையும் மாற்றி, தன்னுடைய போலித் தேடல் பக்கத்தை அங்கே வைத்துவிடும். நாம் அதில் எதைத் தேடினாலும் யாஹூவுக்கோ கூகுளுக்கோ அனுப்பி வைக்கும். பதில் சரியாகவே வருவதால் நமக்குச் சந்தேகம் வராது. தரகன் நடுவில் நின்று காசு பார்ப்பான், கூடவே நாம் என்ன தேடினோம் என்ற விவரத்தையும் எடுத்துக்கொள்வான். இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு. வேண்டும்போது வேறு எந்தப் புரோகிராமையும் அந்தக் கம்ப்யூட்டரில் இறக்கி ஓட்டும் வசதியும் ஃபயர்பாலுக்குள் இருந்தது. இன்றைக்கு ரம்மி விளம்பரம் காட்டுகிறவன், நாளைக்குப் பாஸ்வேர்டு திருடும் புரோகிராமை அனுப்ப நினைத்தால் கதவு திறந்தே கிடக்கும். பின்னர் சீனப் போலீசார் அந்தக் கம்பெனியைச் சேர்ந்தவர்களைக் கைது செய்தார்கள்.

இடையில் ஒரு சுவாரசியம். ஐ.பி.எம். பி.சி.க்களில் பரவிய முதல் வைரஸ் என்று சொல்லப்படும் 'பிரெய்ன்' 1986இல் லாகூரில் பிறந்தது. அதை எழுதிய சகோதரர்கள் இருவரும் கம்ப்யூட்டர் கடை நடத்தியவர்கள், அதாவது நம்மைப் போல வியாபாரிகள். வைரஸுக்குள்ளேயே கடைப் பெயர், விலாசம், போன் நம்பர் எல்லாம் போட்டிருந்தார்கள்! இன்றைய ஆசாமிகள் விலாசம் வைப்பதில்லை.

மளிகைக் கடைக் கம்ப்யூட்டரில் திருட என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எந்தப் பார்ட்டிக்கு எவ்வளவு நிலுவை, யாருக்கு எத்தனை நாள் தவணை, துவரம்பருப்பு எந்த ரேட்டில் வாங்கி எந்த ரேட்டில் போடுகிறோம் என்பதெல்லாம் அதில்தான் இருக்கின்றன. பேரேட்டை மேஜைமேல் திறந்து வைத்துவிட்டு நாம் சாப்பிடப் போவதில்லை. ஜி.எஸ்.டி. தளத்தின் பாஸ்வேர்டும் அதில்தான் இருக்கிறது. அது வேறு ஆள் கைக்குப் போனால் நம் பெயரில் சரக்கே இல்லாத பில் போடலாம், அதற்கு நோட்டீஸ் நமக்கு வரும். அரசு இதற்காகவே இ-வே பில் தளத்தில் பாஸ்வேர்டோடு ஓ.டி.பி.யையும் கட்டாயமாக்கியது. 2025 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து எல்லா வியாபாரிகளுக்கும் அது வந்துவிட்டது. இவை எல்லாவற்றுக்கும் மேல் கரண்ட் அக்கவுண்டின் நெட் பேங்கிங் இருக்கிறது. அதில் கிடப்பது நம் பணம் மட்டுமல்ல, மில்காரருக்கு நாளைக்குக் கொடுக்க வேண்டிய பணமும்தான்.

இவை உள்ளே வரும் வழிகளில் முதலாவது, கணக்குப் புரோகிராமின் திருட்டு நகல். லைசென்ஸ் பணம் மிச்சம் என்று யாரோ ஒரு பையனைக் கூப்பிட்டு 'கிராக்' போட்டுக்கொள்கிறோம். அந்தக் கிராக்கை ஓட்டுவதற்கு முன் அவன் செய்யும் முதல் வேலை ஆன்டிவைரஸை நிறுத்துவது. காவல்காரனை வெளியே அனுப்பிவிட்டு அந்நியனை உள்ளே விடுகிற இந்த ஏற்பாட்டை நம் கிடங்கில் யாராவது அனுமதிப்போமா? எடையில் நூறு கிராம் குறைந்தால் கேட்கிற நாம் இதில் மட்டும் கேட்பதில்லை. இந்த ஒரு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். ஒரிஜினல் வாங்க வசதியில்லை என்றால் இலவசமாகவே சட்டப்படி கிடைக்கும் பில்லிங் புரோகிராம்கள் இருக்கின்றன, அவற்றைப் போடுங்கள், அதுவும் அந்தந்தக் கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும்.

இரண்டாவது, பி.டி.எஃப். மாற்றுவது, தமிழ் டைப் செய்வது, வீடியோ இறக்குவது என்று தேடி எடுக்கும் இலவசச் சாமான்கள். இறக்கும்போது 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்திக்கொண்டே போகிறோம். இடையில் வரும் கட்டங்களில் டிக் அடையாளம் முன்கூட்டியே போடப்பட்டிருக்கும், அதன் மூலம் இன்னும் இரண்டு மூன்று புரோகிராம்களுக்கும் நாமே சம்மதம் கொடுத்துவிடுகிறோம்.

மூன்றாவது வழி பலருக்குத் தெரியாதது. ஏதோ ஒரு தளத்தைத் திறந்தால், 'அறிவிப்புகள் அனுப்பலாமா?' என்று இடதுபக்கம் மேலே ஒரு சின்னக் கட்டம் கேட்கும். 'அலவ்' என்று அழுத்திவிட்டால் போதும், அந்தத் தளத்தை மூடிய பிறகும் மூலையில் விளம்பரம் வந்துகொண்டே இருக்கும். இதில் வைரஸே இருக்காது. குரோம் பிரவுசரின் செட்டிங்ஸில் 'சைட் செட்டிங்ஸ்', அதற்குள் 'நோட்டிஃபிகேஷன்ஸ்' என்ற இடத்துக்குப் போய், அனுமதி பெற்ற பட்டியலில் தெரியாத பெயர்களை நீக்கினால் சரியாகிவிடும். நான் பார்த்த ரம்மி விளம்பரப் புகார்களில் பாதிக்கு மேல் இதுதான். 'உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த நம்பருக்கு போன் செய்யுங்கள்' என்று சிவப்புத் திரை வந்து அலறினால், அந்த நம்பருக்குப் போன் செய்யவே கூடாது. மைக்ரோசாப்ட் அப்படி நம்பர் கொடுப்பதில்லை. எனி டெஸ்க் போன்ற செயலியை இறக்கச் சொல்லி, நம் மெஷினைத் தூரத்திலிருந்து இயக்கிப் பணம் எடுப்பதைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது.

பென் டிரைவ், ஈமெயிலில் வரும் போலி இன்வாய்ஸ், வாட்ஸ்ஆப்பில் கல்யாணப் பத்திரிகை என்றும் டிராஃபிக் அபராதம் என்றும் வரும் ஏ.பி.கே. ஃபைல் ஆகியவை தெரிந்த வழிகள்தான். ஏ.பி.கே. நம் போனுக்குள் புகுந்தால் ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ்.ஸையே படித்துவிடும். அதனால் பேங்க்கில் பதிவான நம்பரின் சிம்மைச் சாதாரணப் பட்டன் போனில் போட்டுக் கல்லாவில் வைத்துக்கொள்வது நல்ல யோசனை.

தடுப்பதற்கு முக்கியமான வழி எது என்று கேட்டால் நான் கூடங்குளத்தைக் காட்டுவேன். 2019இல் அந்த அணுமின் நிலையத்தின் கம்ப்யூட்டர் ஒன்றில் டி-டிராக் என்ற உளவுப் புரோகிராம் புகுந்ததாகச் செய்தி வந்தது. முதலில் மறுப்பு வந்தது, பிறகு அக்டோபர் 30ஆம் தேதி அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்காக இன்டர்நெட்டில் இணைந்திருந்த ஒரு கம்ப்யூட்டரில்தான் அது இருந்தது என்றும், உலையை இயக்கும் அமைப்பு அதிலிருந்து தனியாகப் பிரிக்கப்பட்டிருந்ததால் பாதிப்பு இல்லை என்றும் விளக்கம் சொன்னார்கள். அவ்வளவு காவல் உள்ள இடத்திலேயே புகுந்துவிட்டது. ஆனால் தனியாகப் பிரித்து வைத்தது காப்பாற்றியது.

கடையிலும் இதைச் செய்யலாம். கணக்குக்கும் பேங்க்குக்கும் ஒரு மெஷின், அதில் வேறு எந்த வேலையும் கூடாது. சினிமா, கேம்ஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூட பிராஜெக்ட் எல்லாம் வேறு மெஷினில். இரண்டு வாங்க முடியாதவர்கள் ஒரே மெஷினில் இரண்டு லாகின் போடலாம். தினசரி பில் போடும் பையனுக்குச் சாதாரண யூசர் லாகின், புதிய புரோகிராம் போடும் உரிமை உள்ள அட்மினிஸ்ட்ரேட்டர் லாகின் முதலாளியிடம் மட்டும். அப்போது அவன் தெரியாமல் எதையாவது அழுத்தினாலும் கம்ப்யூட்டர் முதலாளியின் பாஸ்வேர்டைக் கேட்கும். இதற்குப் பைசா செலவில்லை.

ஆன்டிவைரஸ் ஒன்று போதும். இரண்டு மூன்று போட்டால் ஒன்றோடொன்று சண்டை போட்டு மெஷின் படுத்துவிடும். விண்டோஸோடு வரும் டிஃபென்டரே சிறு கடைக்குப் போதுமானது. அதில் 'ரெப்யூட்டேஷன் பேஸ்டு புரொடெக்‌ஷன்' என்ற இடத்தில், வேண்டாத செயலிகளைத் தடுக்கும் வசதியை ஆன் செய்துவிட வேண்டும், ஆட்வேரைப் பிடிப்பது அதுதான். காசு கொடுத்து வாங்க விரும்புகிறவர்களுக்கு நம் சென்னையிலேயே 1991இல் தொடங்கப்பட்ட கே7 போன்ற கம்பெனிகள் இருக்கின்றன. மத்திய அரசு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திராவும் சுத்தம் செய்யும் கருவிகளை இலவசமாகத் தருகிறது.

பழைய விண்டோஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017 மே 12ஆம் தேதி கிளம்பிய வான்னாக்ரை, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. நமக்குப் பக்கத்தில், ஒரகடத்தில் உள்ள கார்த் தொழிற்சாலையும் அதில் சிக்கியதாக அப்போது செய்தி வந்தது. அதைத் தடுக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் இரண்டு மாதம் முன்பே, மார்ச்சில் கொடுத்திருந்தது. போட்டுக்கொள்ளாத மெஷின்கள்தான் அகப்பட்டன. விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14ஆம் தேதியும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியும் வழக்கமான இலவசத் திருத்தங்கள் நின்றுவிட்டன. விண்டோஸ் 7இல் நெட் பேங்கிங் செய்கிறவர்கள் நம் பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். அந்த மெஷினில் பில் மட்டும் போடுங்கள், இன்டர்நெட் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள். கணக்கை இரண்டு தனி டிஸ்க்குகளில் மாற்றி மாற்றி நகல் எடுத்து, எடுத்தவுடன் கழற்றி வைக்க வேண்டும். செருகியே வைத்திருந்தால் பூட்டுகிறவன் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவான்.

எல்லாம் செய்தும் புகுந்துவிட்டால் எப்படித் தெரியும்? கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் பேங்க்கில் 2018 பிப்ரவரியில் நடந்ததைச் சொல்கிறேன். வெளிநாட்டுப் பணப் பரிமாற்ற அமைப்புக்குள் புகுந்தவர்கள் மூன்று பரிமாற்றங்களில் சுமார் 20 லட்சம் டாலர் அனுப்ப முயன்றார்கள். ஒப்புகைச் சீட்டு அச்சாகி வெளியே வராதபடி பிரிண்டரையும் செயலிழக்க வைத்திருந்தார்கள். மறுநாள் காலை கணக்கை ஒத்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. உடனே தகவல் கொடுத்ததால் துபாய்க்குப் போக இருந்த 5 லட்சம் டாலர் தடுக்கப்பட்டது. அவர்களைக் காட்டிக்கொடுத்தது நம் முன்னோர் தினமும் செய்த வேலைதான், பற்று வரவு சரிபார்த்தல். பேங்க் ஸ்டேட்மென்டைத் தினமும் காலையில் கடை திறந்ததும் ஒத்துப் பாருங்கள். மாதக் கடைசியில் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார் என்று விட வேண்டாம். நெட் பேங்கிங்கில் ஒரு நாள் உச்சவரம்பையும் தேவைக்கு மேல் வைக்க வேண்டாம்.

பணம் போனது தெரிந்தால் முதல் வேலை, வேறு போனிலிருந்து 1930 நம்பருக்குப் பேசுவது. பணம் அடுத்தடுத்த அக்கவுண்டுக்கு மாறுவதற்குள் நிறுத்துவதற்காகவே அந்த நம்பர். அடுத்து பேங்க்குக்கு எழுத்து மூலம் புகார். ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த விதிப்படி, தவறு நம் பக்கம் இல்லாதபோது மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் பொறுப்பு நம்மீது வராது. ஓ.டி.பி.யை நாமே சொல்லியிருந்தால் அந்தச் சலுகை கிடைக்காது. நம் பகுதிக்கு 2022 ஜனவரி முதல் ஆவடி போலீஸ் கமிஷனர் அலுவலகம் தனியாக இருக்கிறது, அங்குள்ள சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுக்கலாம். போகும்போது ஸ்டேட்மென்ட், வந்த எஸ்.எம்.எஸ்.கள், பேசிய நம்பர்கள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். கம்ப்யூட்டரில் இன்டர்நெட்டை மட்டும் துண்டித்துவிட்டு அப்படியே வைத்திருங்கள். "ஃபார்மட் பண்ணிடலாம் அண்ணாச்சி" என்று சர்வீஸ் பையன் அவசரப்படுவான், புகார் பதிவாகி, போலீசார் பார்த்து முடிக்கும் வரை அவனைத் தொட விட வேண்டாம்.