எட்டுக் கயிற்று உறி

காலாப்பட்டை ஒட்டியிருக்கும் பிள்ளைச்சாவடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பணி ஓய்வுக்குப் பிறகு பழைய வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில், கேஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, சின்ன ஃபிரிட்ஜ் எல்லாம் பொருத்தி ஓடும் வீடாக்கிக்கொண்டாராம். மாதத்தில் பத்து நாள் மனைவியோடு ஊர் சுற்றல். மிச்ச நாளெல்லாம் வண்டி தோட்டத்து முந்திரி மரத்தடியில் நிற்கும். “நாலு சக்கரத்தையும் சுற்றி எறும்பு சாக்பீஸ் போட்டேன். மஞ்சள் தூவினேன். பிளக்கில் செருகும் அல்ட்ராசானிக் கருவிகூட வாங்கினேன். சர்க்கரை டப்பாவைத் திறந்தால் எனக்கு முன்னால் எறும்பு எட்டிப் பார்க்கிறது. சினிமாக்காரர்களின் கேரவனிலும் இப்படித்தானா?” என்று கேட்கிறார்.

சாவடி என்றாலே வழிப்போக்கர்கள் தங்கிப்போகும் இடம். எறும்புகள் ஊர்ப்பெயரைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கின்றன.

முதலில் அந்தக் கருவியைப் பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள். காற்றில் வரும் ஓசை எறும்புக்கு ஏறக்குறையக் கேட்பதே இல்லை; தரையின் அதிர்வைத்தான் அது கால்களால் உணர்கிறது. செவிடன் காதில் ஊதிய சங்குக்கு மின்கட்டணம் வேறு. அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் 2001இலேயே இத்தகைய கருவிகளைச் செய்வோர், விற்போர் 60 பேருக்கும் மேல் கடிதம் அனுப்பி, சொல்லும் பலனுக்கு அறிவியல் ஆதாரம் இருக்கவேண்டும் என்று எச்சரித்தது. கருவிகள் இன்னும் விற்கின்றன. எறும்புகளும் இன்னும் வருகின்றன.

இனி வண்டிக்கு வருவோம். எறும்பின் கணக்கில் சாதாரண வீடு என்பது நான்கு பக்கமும் மண்ணில் புதைந்து நிற்கும் பண்டம். எங்கிருந்து வேண்டுமானாலும் ஏறலாம். நிறுத்திவைத்த வண்டி அப்படி இல்லை. அது ஓர் உறி. என் பாட்டி தயிர்ச்சட்டியை உத்தரத்திலிருந்து உறியில் தொங்கவிட்டு, கயிற்றில் ஒரு சாண் நீளத்துக்கு விளக்கெண்ணெய் தடவிவைப்பார். சட்டிக்கு வர எறும்புக்கு இருக்கும் ஒரே சாலை அந்தக் கயிறு. சாலையில் சுங்கச்சாவடி போட்டாயிற்று. உங்கள் வண்டியும் தலைகீழாகத் திருப்பிவைத்த உறிதான். மேலிருந்து தொங்காமல் கீழிருந்து தாங்கப்படுகிறது, அவ்வளவே. ஃபிரிட்ஜ்தான் தயிர்ச்சட்டி. படுக்கையில் பிஸ்கட் சிந்தும் உங்கள் பேரன்தான் கிருஷ்ணன். ‘குழந்தை பாவம்’ என்று அவனைக் காட்டிக்கொடுக்காத உங்கள் மனைவி யசோதை.

இந்த உறிக்கு எத்தனை கயிறு? நாலு என்பது உங்கள் கணக்கு. நாலு சக்கரத்துக்கும் காவல் போட்டுவிட்டீர்கள். வீட்டிலிருந்து இழுத்துவந்த கரண்ட் ஒயர் ஐந்தாவது. தண்ணீர்க் குழாய் ஆறாவது. கதவருகே இறக்கிவைத்த படி ஏழாவது. கூரையை உரசிக்கொண்டிருக்கும் முந்திரிக் கிளை எட்டாவது. எட்டில் நான்கை மட்டும் அடைப்பது, கூரை இல்லாத வீட்டுக்குக் கதவில் பூட்டுப் போட்டதைப் போல.

சரி, எட்டுக் கயிறு இருந்தாலும் சர்க்கரை டப்பா எந்த அலமாரியில் என்று அத்தனை எறும்புக்கும் எப்படித் தெரிகிறது? என்னைக் கேட்டால், கட்டுரையை இந்த ஒரு கேள்விக்காகவே எழுதலாம்.

தெரியாது என்பதுதான் பதில். எந்த எறும்புக்கும் வழி முழுதாகத் தெரியாது. வழி எறும்பின் தலைக்குள் இல்லை. உங்கள் வண்டித் தரையில் எழுதியிருக்கிறது. தின்பண்டத்தைக் கண்ட எறும்பு கூட்டுக்குத் திரும்பும்போது வயிற்றின் நுனியைத் தரையில் தொட்டுத் தொட்டு ஒரு வேதிப்பொருளைத் தடவிக்கொண்டே போகிறது. அடுத்த எறும்பு அந்த வாசனையைப் பிடித்து வந்து, தானும் தின்று, தானும் தடவிவிட்டுத் திரும்புகிறது. அளவோ மிகமிகச் சொற்பம். இலைவெட்டி எறும்பின் தடப்பொருள் ஒரு மில்லிகிராம் இருந்தால், பூமியை மூன்று சுற்றுச் சுற்றித் தடம் போட அது போதும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இந்த மை ஆவியாகிவிடும் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. வாசலில் போட்ட கோலம் மதியத்துக்குள் கலைந்துவிடுவதுபோல, தடமும் கலைந்துகொண்டே இருக்கும். யாராவது திரும்பத் திரும்பப் போட்டால்தான் நிற்கும். தின்பண்டம் இருக்கும்வரை போடுவார்கள், தீர்ந்ததும் விட்டுவிடுவார்கள், பாதை தானே அழியும். பழைய செய்தியைத் தானே மறந்துவிடும் அறிவிப்புப் பலகை இது. நம் அரசு அலுவலகம் எதிலும் நான் பார்த்ததில்லை.

1989இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதில் ஓர் அழகான வேடிக்கை பார்த்தார்கள். அர்ஜென்டினா எறும்புக் கூட்டுக்கும் உணவுக்கும் நடுவே இரண்டாகப் பிரிந்து சேரும் பாலம் வைத்தார்கள். ஒரு கிளை மற்றதைவிட இரண்டு மடங்கு நீளம். தொடக்கத்தில் எறும்புகள் இரண்டிலும் பாதிப்பாதியாகப் போயின. குட்டைப் பாதையில் போனவை சீக்கிரம் திரும்பின. அதனால் அங்கே மை சீக்கிரம் கூடியது; மை கூடியதால் இன்னும் பலர் அங்கே போனார்கள். சில நிமிடங்களில் கிட்டத்தட்ட முழு ஊர்வலமும் குறுக்குவழியில். யாரும் அளக்கவில்லை, யாரும் தலைமை தாங்கவில்லை. இந்தத் தந்திரத்தைப் பார்த்து 1992இல் மார்கோ டொரிகோ ஒரு கணினி வழிமுறை அமைத்தார். லாரிகளுக்குச் சுருக்கமான பாதை கண்டுபிடிக்க இன்று அதன் வாரிசுகளைப் பயன்படுத்துகிறார்கள். ‘எறும்பு மூளை செயற்கை நுண்ணறிவை மிஞ்சியது’ என்று அவ்வப்போது தலைப்பு வரும். மிஞ்சவும் இல்லை, போட்டியும் இல்லை. எறும்பு தடவுகிறது, மை காய்கிறது, அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ எனக்குப் போதும்.

மை எவ்வளவு நேரம் நிற்கும்? வீடுகளில் மேயும் பொடி மஞ்சள் எறும்பை, அதாவது ஃபாரோ எறும்பை, வைத்து 2003இல் பார்த்தார்கள். காகிதத்தின்மேல் சுமார் 3 நிமிடம், பிளாஸ்டிக்கின்மேல் சுமார் 9 நிமிடம். ஓடும் வீட்டின் உட்புறம் எதனால் ஆனது என்று ஒரு பார்வை பாருங்கள். பிளாஸ்டிக், லாமினேட், மெழுகுபோல் வழுக்கும் ஷீட். எறும்புக்கு நெடுஞ்சாலை போட்டுக்கொடுத்து, அது அழியாமலிருக்கவும் ஏற்பாடு செய்திருக்கிறோம். இதே எறும்பு, பிரயோசனமில்லாத கிளைப்பாதையின் முனையில் ‘இந்தப் பக்கம் போகாதே’ என்று வேறொரு மையால் எழுதிவைக்கிறது என்பதும் 2005இல் தெரியவந்தது. வழிகாட்டிப் பலகை மட்டுமல்ல, ‘நுழையாதே’ பலகையும் உண்டு.

வரலாறு சொல்லாவிட்டால் ஆசிரியர் விடமாட்டார், ஒரு பத்தி. உங்கள் கடிதத்தில் ‘கறுப்பாக, கால் நீளமாக, தலைதெறிக்க ஓடும், கடிக்காது’ என்று எழுதியிருந்தீர்கள். அது பெரும்பாலும் நம்மூர்ப் பிள்ளையார் எறும்பு. உலகத்துத் துறைமுகங்களிலெல்லாம் குடியேறிய இந்த எறும்புக்கு 1802இல் அறிவியல் பெயர் வைத்தவர் பியர் லத்ரேய் என்ற பிரெஞ்சுக்காரர். பாதிரியாரான அவர் பிரெஞ்சுப் புரட்சியின்போது சிறையில் கிடந்தார். அறையில் ஓடிய ஒரு வண்டை அரிய வகை என்று அடையாளம் கண்டதால் பூச்சி ஆர்வலர்கள் கண்ணில் பட்டு உயிர் தப்பினார். தென்னிந்திய எறும்புகளுக்குத் தனிப்பட்டியல் 1851இல் சென்னையிலிருந்து வந்த ஓர் ஆய்விதழில் வெளியானது. எழுதியவர் ராணுவ மருத்துவர் ஜெர்டன். வரலாறு முடிந்தது.

இப்போது சாக்பீஸ். அதற்கு லட்சுமணன் பேரைச் சேர்த்துச் சொல்லுவது நம் வழக்கம். சீதையைக் காக்க லட்சுமணன் கிழித்ததாகச் சொல்லும் கோடே கம்பனில் கிடையாது. அங்கே ராவணன் பர்ணசாலையைத் தரையோடு பெயர்த்தெடுத்துச் சீதையைக் கொண்டுபோகிறான். ஓடும் வீட்டுக்காரர்களுக்குக் கம்பன்தான் பொருத்தம். பிள்ளையார் எறும்புக்கும் ஃபாரோ எறும்புக்கும் நிலத்தில் புற்று வைக்கவேண்டிய கட்டாயம் இல்லை. பலகைச் சந்து, மடித்த போர்வை, ஒயர் ஓடும் பொந்து எதுவும் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தரைக்கூட்டில் தண்ணீர் புகுந்தால் முட்டைகளோடு மேலே ஏறிவிடும். பிறகு நீங்கள் வீட்டைப் பெயர்த்துக்கொண்டு கிளம்புகிறீர்கள், குடித்தனக்காரர்களோடு. கோடு வெளியே கிடக்கிறது.

உள்ளே குடியேறியவர்கள்மேல் ஸ்பிரே அடிப்பது அடுத்த தவறு. ஃபாரோ எறும்புக் கூட்டில் ராணிகள் பலர். நெருக்கடி என்றால் கூட்டம் பிரிந்து ஆளுக்கொரு சந்தில் தனிக்குடித்தனம் போய்விடும். ஒரு கூடு இருந்த வண்டியில் மூன்று கூடு. செத்துக்கிடக்கும் நூறு எறும்பைப் பார்த்து நமக்கு ஒரு திருப்தி; அந்தத் திருப்தியைத்தான் டப்பாவில் அடைத்து விற்கிறார்கள்.

செய்யவேண்டியதெல்லாம் மலிவானது. வண்டிக்குள் எறும்பு வரிசையைக் கண்டால், மொய்க்கும் இடத்தை மட்டும் துடைக்காதீர்கள். நுழையும் ஓட்டையிலிருந்து அலமாரிவரை முழுத் தடத்தையும் பாத்திரம் கழுவும் சோப்பு நீரால் துடையுங்கள். எறும்பைவிட எழுத்தை அழிப்பது முக்கியம். ஒயரிலும் குழாயிலும் ஒரு சாண் அளவுக்கு வாசலின் தடவுங்கள். பாட்டியின் விளக்கெண்ணெய்க்கு அதே வேலை. படியை இரவில் மடித்து உள்ளே வையுங்கள். முந்திரிக் கிளையைக் கழியுங்கள். சக்கரத்தைத்தான் ஒன்றும் செய்யமுடியாது. அலமாரிக் காலுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைப்பதுபோல நாலு அண்டா வாங்கி வைக்கலாமே என்று கேட்பீர்கள் என்பதால் உறி உவமையை இங்கேயே இறக்கிவைக்கிறேன்.

சக்கரத்தடியில் வைக்கவேண்டியது விருந்து. கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடர் தெரியுமல்லவா? பொட்டலத்தில் போரிக் என்று போட்டிருக்கிறதா பாருங்கள். வெறும் மாவுப்பொடியும் கேரம் பவுடர் என்று விற்கிறது. 100 மில்லி வெந்நீரில் 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக். அதற்குமேல் போடக்கூடாது. கூடினால் எறும்பு தொடாது, தொட்டாலும் வழியிலேயே சாகும். எறும்புக்குத் தன் வயிறு போக ஊருக்கான வயிறு ஒன்று தனியாக உண்டு. அதில் நிரப்பிக்கொண்டுபோய் வாயோடு வாய் வைத்துக் கூட்டாளிகளுக்கும் ராணிக்கும் ஊட்டும். மெதுவாகக் கொல்லும் விஷம்தான் கூட்டுக்குள் போய்ச்சேரும். பஞ்சில் நனைத்து, ஓட்டை போட்ட மூடியுள்ள டப்பாவில், பேரன் கைக்கும் நாய் வாய்க்கும் எட்டாமல் வையுங்கள். அந்த டப்பாவுக்கு வரும் தடத்தை மட்டும் துடைக்காதீர்கள். உள்ளே அழிக்கவேண்டிய சாலை, வெளியே விட்டுவைக்கவேண்டிய சாலை. சில நாள், சில வாரம் பிடிக்கும், பொறுக்கவேண்டும்.

மற்ற விருந்தாளிகளுக்கு இரண்டே வரி. கரப்பான், கடையிலிருந்து வரும் அட்டைப்பெட்டியில் முட்டைப்பையாக ஏறிவரும். பெட்டியை வெளியிலேயே பிரித்துப்போடுங்கள். சுண்டெலிக்குப் பேனா நுழையும் ஓட்டை போதும். பாத்திரம் தேய்க்கும் கம்பிநாரைத் திணித்து அடையுங்கள்.

கடைசியாக, எறும்பு உங்கள் வண்டிக்கு வருவதைவிட உங்கள் வண்டியில் போவது பெரிய விஷயம். 2022இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கம் கரந்தமலை அடிவாரக் கிராமங்களில் மஞ்சள் பைத்தியக்கார எறும்பு பெருகி, ஆடுமாடுகளின் கண்ணை மொய்த்துப் பார்வை கெடுத்ததாக மக்கள் முறையிட்டார்கள். இந்தியப் பெருங்கடலின் கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கணக்கான செந்நண்டுகளைக் கொன்றதும் இதே எறும்புதான். அந்தத் தீவுக்கு அது நீந்திப் போகவில்லை. மனிதர்களின் சரக்கோடு போனது. ஆகவே பிள்ளைச்சாவடியிலிருந்து மலையூர் எதற்கும் கிளம்புமுன், திரும்புமுன், படியையும் குழாயையும் பூத்தொட்டியையும் ஒரு தடவை உதறிப் பார்த்துவிட்டுச் சாவியைத் திருகுங்கள்.