கோபுரம் ஏன் போட்டோவில் மல்லாந்து போகிறது?

நெல்லையில் புதிதாகத் திறக்கிற காபிக் கடைச் சுவரில் பெரும்பாலும் நியூயார்க்தான் தொங்குது. இரும்பு உத்தரத்தில் 11 தொழிலாளிகள் உட்கார்ந்து சாப்பிடுகிற அந்த 1932 படம், இல்லேன்னா கருப்பு வெள்ளையில் ஏதாவது வானளாவி. எனக்கு அதில் கோபமெல்லாம் கிடையாது, நல்ல படங்கள்தான். ஆனா ஒரு கணக்குப் பாருங்க. 1959-ல் திறந்த சென்னை எல்ஐசி கட்டிடம் 177 அடி. தென்காசி காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரம் சுமார் 178 அடி. நெடுங்காலம் சிதைந்து மொட்டையாக நின்னு, திரும்பக் கட்டி 1990-ல் குடமுழுக்கு கண்ட கோபுரம். அதையும் சுவரில் மாட்டலாமே?

மாட்டினால் ஒரு சிக்கல் வரும். போனில் எடுத்த கோபுரம் பின்பக்கமாச் சாய்ந்த மாதிரி தெரியும். காரணம் லென்ஸ் இல்லை, நாம போனை அண்ணாந்து பிடிக்கிறது. சென்சார் சுவருக்கு இணையாக நின்றால் செங்குத்துக் கோடுகள் படத்திலும் இணையாகவே விழும். சாய்த்ததும் அவை மேலே போய்ச் சேர ஆரம்பிக்கும். பழைய துருத்திக் கேமராவில் உடம்பை நேராக வைத்து லென்ஸை மட்டும் மேலே நகர்த்துவார்கள். இன்னைக்கு 'ஷிப்ட்' லென்ஸ் செய்வதும் அதுதான், விலைதான் ஜாஸ்தி.

சரி, மென்பொருளில் நேராக்கிக்கலாமே? அடுக்குமாடிக்கு அது சரி. கோபுரமோ பிறவியிலேயே மேலே போகப் போகக் குறுகுவது! தானாக நேராக்கும் பொத்தான் தேடுவது நீளமான சாய்கோடுகளை. கோபுரத்தின் விளிம்பை அது கேமராவின் கோளாறு என்று எடுத்துக்கிட்டா, ஸ்தபதி கொடுத்த சரிவையும் சேர்த்து அழித்து, கோபுரத்தைத் தண்ணீர்த் தொட்டி மாதிரி ஆக்கிடும். அதனால் கையாலேயே திருத்துங்க, விளிம்பை அளவுகோலாக எடுக்காதீங்க. வாசல் நிலைக்கால் இரண்டும் செங்குத்து, அதை நம்பலாம்.

இதைவிட நல்ல வழி, திருத்தமே தேவைப்படாம எடுக்கிறது. போனை நெட்டுக்குத்தாக, துளியும் சாய்க்காமப் பிடிக்கணும். வழக்கமான 24 மி.மீ. கேமரா என்றால் சுமார் 240 அடி தள்ளி நின்றால் கலசம் வரை விழுந்துவிடும். அல்ட்ரா வைடு (13 மி.மீ.) என்றால் 130 அடி போதும், ஓரங்கள் கொஞ்சம் இழுபடும். படத்தின் கீழ்ப்பாதி முழுக்க ரோடும் ஆட்டோவுமாத்தான் இருக்கும். வெட்டி எறிங்க.

பாதியை வெட்டினா பிரிண்ட் தாங்குமா? 12 மெகாபிக்சல் படம் நெட்டுக்கு 4000 புள்ளி, மிஞ்சுவது 2000. இரண்டடி உயரத்துக்குப் போட்டால் அங்குலத்துக்கு 83 புள்ளி வரும். கடைக்காரர் 300 வேணும்பார். அது கையில் வைத்துப் பார்க்கிற ஆல்பத்துக்கான கணக்கு. ஆறடி தள்ளி நிற்கிற சராசரிக் கண்ணால் அங்குலத்துக்கு 48 புள்ளிக்கு மேல் பிரிச்சுப் பார்க்க முடியாது. தாராளமாப் போடலாம். தாள் மட்டும் மேட்டாகக் கேளுங்க, பளபளப்புத் தாளில் கோபுரத்துக்கு நடுவே டியூப்லைட்தான் தெரியும்.